இங்கிலீஷ் வராத இங்கிலாந்து ராஜா

அரபு நாட்டுத் தேரா படகுத்துறையில் ஆப்ரா படகுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்து நர்சுகள் இருவர். இளையவள் லண்டன் வேலைக்காக இங்கிலீஷ் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போன தடவை பேச்சுத் தேர்வில் தோற்றுவிட்டாளாம், முகமே சரியில்லை.

“இங்கிலாந்தைப் பிடிச்ச ராஜாவுக்கே இங்கிலீஷ் வராதாம், தெரியுமாட்டி?” என்றாள் மூத்தவள்.

“சும்மா கெட, அக்கா.”

“உள்ளதுதான். பிரான்சுல இருந்து படையோட வந்தவன். படிச்சுப் பாத்திருக்கான், மண்டையில ஏறல்ல. விட்டுட்டான்.”

“பெறவு எப்பிடி நாட்டை ஆண்டான்?”

“கையில வாளு இருந்துல்லா? பெரிய ஆளுவ எல்லாம் அவனுக்க பாஷையைப் படிச்சானுவ.”

இளையவள் சிரித்துவிட்டாள்.

“எனக்க கையில ஊசிதானக்கா இருக்கு. நீ கேள்வி கேளு, நான் இங்கிலீஷ்ல சொல்லுதேன்.”