பீரோவுக்குப் பின்னால் இருந்த வடக்கு

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், பேருந்துகளுக்கு நேரம் குறித்துக் குறித்தே நம் பொழுதுகளை ஒழுங்கு செய்து வைத்திருக்கும் நேரக்காப்பாளர் அண்ணன் அவர்களே, அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, ஆறு வாரம் ஏணியில் நின்று இந்தப் பேருந்து நிலையத்தின் வெற்றுச் சுவரில் வரைபடம் தீட்டி அதை வையகமாக்கிய ஓவியர் தம்பி அவர்களே, ஓட்டி ஓட்டியே ஊர்களை உறவாக்கிய ஓட்டுநர் பெருமக்களே, நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் வந்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மீதி வேலையின் நினைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பேருந்துக்கு வந்து பேச்சில் மாட்டிக்கொண்ட பயணிகளே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. எல்லோரும் கண்ணை மூடுங்கள். நகைக்கு நான் பொறுப்பு, மூடுங்கள். மூடியாயிற்றா? இப்போது வடக்கு எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுங்கள். நீட்டிவிட்டீர்களா? நீட்டிய கையை மடக்காமல் கண்ணைத் திறந்து பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஒரே கூடத்தில், ஒரே கூரையின் கீழ், எத்தனை வடக்கு பார்த்தீர்களா? அந்தத் தூணோரம் ஒருவர் கூரையையே காட்டுகிறார். ஐயா, வடக்கு வானத்தில் இல்லை, இறக்குங்கள்.

கேலிக்காகச் சொல்லவில்லை. கேலி செய்ய எனக்குத் தகுதியும் இல்லை, ஏன் இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கல்லூரி முடித்த என் தங்கை மகள் ஒருநாள் கேட்டாள்: "பெரியம்மா, கரண்ட் வர்றதுக்கு முன்னாடி ஃபேன் எதுல ஓடுச்சு?" எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று அவளுக்கு யாரும் வரிசைப்படுத்திக் காட்டவில்லை. இதே நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் தம்பியிடம் ஒருவர் வந்து, கடலுக்கு அந்தப்புறம் இருக்கும் நாட்டுக்கு நேர்ப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார். தம்பி சளைத்தவரா? "நடுவுல கொஞ்சம் நனையும் சார், பரவாயில்லையா?" என்றாராம்.

படிக்காததால் வந்த குறையா இது? பட்டம் பெற்றவரிடமும் இருக்கிறது, பதவியில் இருப்பவரிடமும் இருக்கிறது, பக்கத்து வீட்டிலும் இருக்கிறது, பதினோரு ஆண்டு என்னிடமும் இருந்தது. அதனால் ஓர் உயிர் ஊசலாடிய கதையை இன்றுதான் முதன்முதலாக வாய் திறந்து சொல்லப் போகிறேன்.

நான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுத்தவள். மூன்று மேசை, நான்கு தொலைபேசி, ஒரு மின்விசிறி, ஓர் இரும்பு பீரோ. சுவரில் எங்கள் வட்டாரத்தின் பெரிய வரைபடம். அந்த வரைபடம் நீளமானது. சன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சுவரோ குறுகலானது. எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், அதைப் பக்கவாட்டில் திருப்பி, செங்குத்தாக ஆணி அடித்து மாட்டிவிட்டார். ஊர்ப் பெயர்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. நாங்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தோம். எல்லோருக்கும் கழுத்து வலி. மின்விசிறிக் காற்றினால் என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டோம்.

எழுத்து சாய்ந்திருக்கிறதே, அப்படியானால் திசையும் சாய்ந்திருக்குமே என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு என்று சின்ன வகுப்பில் உருப்போட்டது மட்டும் உறுதியாக நினைவிருந்தது. புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்: "மேல பாரு, அதான் வடக்கு." மேலே இருந்தது கிழக்கு. எங்கள் ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதற்கு வடகரையும் தென்கரையும்தான் உண்டு. அறைச் சுவரிலோ அது கீழிருந்து மேலே ஏறியது. ஆகவே அதற்குக் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும்தான் என்று பதினோரு ஆண்டு சாதித்தேன். தினமும் காலையில் அந்த ஆற்றுப் பாலத்தில்தான் வேலைக்கு வருவேன். ஆற்றின் ஒரு கோடியில் சூரியன் தகதகவென்று எழுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். சூரியனைக் கும்பிடத் தெரிந்தது, அது எங்கே எழுகிறது என்று யோசிக்கத் தெரியவில்லை.

எப்படி ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது என்கிறீர்களா? உள்ளூர்க்காரர்கள் திசை சொல்ல மாட்டார்கள். அரிசி ஆலைக்கு எதிரே, மருந்துக் கடைக்கு அடுத்த சந்து என்பார்கள். எங்கள் தவறு வெளியே வராமலே வண்டி ஓடியது.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை நான்கு மணி. தொலைபேசி மணி அடித்தது, எடுத்தேன். வெளியூர் லாரிக்காரர் ஒருவர். இரண்டு ஓட்டுநர்கள் மாற்றி மாற்றி ஓட்டி வந்த லாரி. இன்னொரு ஓட்டுநருக்கு நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. பூட்டிக் கிடந்த ஒரு செங்கல் சூளையில், ஆளில்லாத காவலாளி அறையிலிருந்து பேசுகிறார்; ஆற்றோரம் அப்படிச் சூளைகள் பல.

"எங்க இருக்கீங்க? பக்கத்துல என்ன கடை?" என்றேன்.

"கடையே இல்லம்மா. ரோட்டுல லாரி போற பக்கம் பார்த்து நின்னா வெயில் முதுகுல அடிக்குது, ஆறு வலது கைப் பக்கம் இருக்கு. நான் வடகரையில இருக்கேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் தன் இருப்பிடத்தைச் சொல்ல முடியுமா? சாயங்கால வெயில் முதுகில் என்றால் முகம் கிழக்கே, வலது கை தெற்கே, ஆறு தெற்கே, ஆள் வடகரையில். வானமே வரைபடமாய் வாழ்ந்தவர் அவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அண்ணே, எங்க ஆத்துக்கு வடகரைன்னு ஒண்ணு கிடையாது."

"இல்லம்மா, இருக்கு. நான் அதுலதான் நிக்கிறேன்."

"பதினோரு வருஷமா இங்க உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? வடக்குன்னா மேல் கோடி. ஆத்தோட மேல் கோடியில இருக்கீங்க. வண்டி அங்க வரும்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். வண்டியை வரைபடத்தின் உச்சிக்கு அனுப்பினேன். ஆள் கிடந்தது ஓரிடம், வண்டி விரைந்தது வேறிடம். அங்கே லாரியும் இல்லை, சூளையும் இல்லை. அவர் மீண்டும் அழைத்தார், நான் மீண்டும் வாதாடினேன். எத்தனை நிமிடம் வீணானது? நாற்பது. என்ன அண்ணே, மூன்றாம் வரிசையிலிருந்து கை காட்டுகிறீர்கள்? ஐம்பதா? சரி, ஐம்பது. காத்திருந்தவர் கணக்குதான் சரியான கணக்கு.

மூன்றாவது முறை அழைத்தபோது அவர் குரல் உடைந்திருந்தது. "அம்மா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். ஆத்துக்குள்ள ரெண்டு கல் தூண் நிக்குது. மேல ஒண்ணுமே இல்ல, வெறும் தூணு. அதுக்கு நேரா நிக்கிறேன். அவன் கண்ணு சொருகுது."

மேலே ஒன்றுமில்லாத தூணா? அறையில் யாருக்கும் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர், குடித்து வளர்ந்த ஆறு, அதன் நடுவே நிற்கும் இரண்டு தூண்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்போது எங்கள் அறையைப் பெருக்கித் துடைக்கும் அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீ மேல வடக்குங்குற. பீரோவுக்குப் பின்னால இந்தப் படத்து மூலையில ஒரு அம்பு இருக்கே, அது சன்னல் பக்கமால்ல படுத்துக் கிடக்கு? தினமும் தூசி தட்டுறேன்."

மூன்று பேர் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம். தரை கீறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறைந்திருந்த மூலையில் அம்பு இருந்தது. அதன் தலை இடப்பக்கம், சன்னலை நோக்கி இருந்தது. அதற்குக் கீழே வரைபடம் அச்சான ஆண்டு இருந்தது. நான் பிறப்பதற்கும் முந்தைய ஆண்டு. எங்கள் திசையும் அந்த மூலையில், எங்கள் வரலாறும் அந்த மூலையில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறோம். நாங்கள் வடக்கையே பீரோவால் மறைத்து வைத்திருந்தோம்.

அந்த வரைபடத்தில் ஆற்றுக்கு இரண்டு பாலம் போட்டிருக்கும். ஊரில் இருப்பதோ ஒன்று. இன்னொன்றை அச்சுப் பிழை என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்ல, நாங்கள் தலையாட்டி வந்தோம். ஆண்டைப் பார்த்த நொடியில் எனக்குப் புரிந்தது. பிழையில்லை, அது நாங்கள் பிறப்பதற்கு முன் இருந்த பாலம். வெள்ளம் கொண்டு போன பாலம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். லாரிக்காரர் பார்ப்பது அதன் மிச்சத் தூண்கள். வடகரை, உடைந்த பாலம்: இரண்டு கோடும் ஒரு புள்ளியில் வந்து நின்றன. அந்தப் புள்ளியில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பினேன். பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

அவர் பிழைத்தார். பிழைத்தார், ஆனால் முழுதாகப் பிழைக்கவில்லை. தாமதத்தில் இதயத்தின் ஒரு பகுதி போய்விட்டது. லாரி ஓட்டக் கூடாது என்றார்கள் மருத்துவர்கள். எட்டுத் திசையும் ஓடிய மனிதர், இந்தப் பேருந்து நிலையத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர் ஓட்டும் வண்டிகளுக்கு நேரம் குறிக்கத் தொடங்கினார்.

ஆம், தலைவர் அவர்களே. உங்களைத்தான் சொல்கிறேன்.

நீங்களும், அன்று என்னை அழைத்த, மூன்றாம் வரிசையில் இருக்கும் உங்கள் தோழரும் சேரும்போதெல்லாம், அன்று தொலைபேசியில் வாதாடியவளுக்கு ஒரு பட்டம் வைத்துச் சிரிப்பீர்கள். 'வடகரை மகராணி.' ஓய்வு பெற்று நான் இந்தப் பக்கம் வரத் தொடங்கிய நாளிலிருந்து, உங்கள் மேசையோரம் தேநீர்க் குவளையோடு நின்று, அந்தப் பேச்சைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன். அந்த மகராணி நான்தான் அண்ணே. என் அறியாமைதான் உங்கள் கையிலிருந்து அந்தச் சக்கரத்தைப் பிடுங்கியது. இந்தச் சுவரில் திசைக்குறி மட்டும் இன்னும் வரையவில்லை, அதை வரையும் பெருமையை எனக்குத் தருகிறோம் என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினீர்கள். உண்மையைச் சொல்லாமல் அந்தத் தூரிகையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்சம் பொறுங்கள். இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அங்கே ஒரு தம்பி கேட்கிறார், இப்போதுதான் போனிலேயே மேப் இருக்கிறதே என்று. இருக்கிறது தம்பி, வாழ்க அது. அன்று என் முன்னாலும் வரைபடம் இருந்தது. சுவர் நிறைய இருந்தது. இல்லாமல் போனது, இது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்தக் காலத்தில் எழுதியது என்று கேட்கும் ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியைக் கற்க வயது வரம்பு உண்டா? கட்டணம் உண்டா? பீரோவை நகர்த்த மூன்று பேர் போதும். இந்த ஆறு வாரத்தில் பாருங்கள், காய் விற்கும் தங்கை தன் காய் எந்த மலையடிவாரத்திலிருந்து வருகிறது என்று விசாரித்து வந்து புள்ளி வைத்தாள். நூலகர் அம்மையார் உடைந்த பாலத்தின் ஆண்டைத் தேடி எடுத்துத் தந்தார், அதோ ஆற்றின் மேல் எழுதியிருக்கிறது. 'கரண்ட் வரும் முன் ஃபேன்' கேட்ட என் தங்கை மகள்தான் சுவரின் கீழே காலவரிசை எழுதியிருக்கிறாள். முதலில் மின்சாரம், பிறகு மின்விசிறி, சரியாகவே எழுதியிருக்கிறாள். எனக்கு நம்பிக்கை பொங்குகிறது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அண்ணே, எதுவானாலும் சொல்லுங்கள், இந்த அவை முன்னாலேயே சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? "முதல்ல வடக்கு எதுன்னு கையை நீட்டிக் காட்டுங்க மகராணி, அப்புறம் பிரஷைத் தொடுங்க" என்கிறார்.

காட்டுகிறேன் அண்ணே. இதோ, அந்த மூன்றாம் நடைமேடைப் பக்கம். லாரிக்கார அண்ணன் தலையாட்டுகிறார், சரிதானாம். பதினெட்டு ஆண்டாக நெஞ்சில் நின்ற பீரோ இன்று நகர்ந்தது.

ஆனால் தூரிகை எனக்கு வேண்டாம். முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவரை ஓரத்தில் உட்கார வைத்தது யார்? அன்று துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாய் திறந்த அக்கா அவர்தான். அக்கா, எழுந்து வாங்க. அந்த அம்பை நீங்கதான் வரையணும். இந்தச் சுவருக்கு முன்னால் எந்தக் காலத்திலும் யாரும் பீரோ வைக்காதீர்கள் என்று நிலையத்தாரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வடக்கே நடைமேடையில் நிற்போர்க்கும், தெற்கே வாசலில் திரண்டோர்க்கும், கிழக்கே சுவரோரம் சாய்ந்தோர்க்கும், மேற்கே மேடையில் அமர்ந்தோர்க்கும் என் நன்றி. இனி எத்திசையில் நின்றாலும் அத்திசையின் பெயர் அறிந்து நிற்போம். வணக்கம்.