காத்திருக்காத கால்

எங்கள் கார் பிரியர்கள் குழுவில் யார் பிரேக் பிடித்தாலும், வண்டி நிற்க வேண்டிய இடத்துக்குப் பதினைந்து மீட்டர் முன்பே நின்றுவிடும். ஒன்றரை வருடமாக என்னால் தீர்க்க முடியாமலிருந்த சின்னப் பிரச்சினை இதுதான். கேட்பதற்கு நல்ல செய்தி போலத்தான் இருக்கும். ஆனால் நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். கடைக்காரருக்குச் சாதகமாகக் காட்டினாலும் வாங்குகிறவருக்குச் சாதகமாகக் காட்டினாலும், எனக்கு அது தவறான தராசுதான்.

என் பெயர் புகழேந்தி. அசோக் நகரில் வீடு. கிண்டி தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாகச் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் உண்டு, கார் கிடையாது.

டீக்கடை அன்புக்கரசி இறந்து பதினோரு நாளாகிறது. அவர் மேல் மோதிய அஸ்வினை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். உங்கள் குறிப்பில் அவன் நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வந்ததாக எழுதியிருப்பதை, அவனுடைய அப்பா வெள்ளைத்துரை எனக்குக் காட்டினார். அது தவறு, சார். ஐம்பத்தொன்பது. அதைத் திருத்தத்தான் வந்தேன். தவறான அளவு ஒன்று எழுத்தில் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மற்றவற்றை, திருத்தத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொல்கிறேன்.

உங்களிடமும் ஒரு சின்னப் பிரச்சினை இருக்கிறது. நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது அதைத்தான். "பதினோரு வருஷமா அந்தம்மா அதே ரோட்ட தாண்டிட்டிருக்கு. அன்னிக்கு மட்டும் ஏன் சார் திரும்பியே பாக்கல?" கேமராப் பதிவில் அவர் கழுத்தே அசையவில்லை என்றீர்கள். என் பிரச்சினையும் உங்கள் பிரச்சினையும் ஒன்றுதான். வரிசையாகச் சொன்னால் புரியும்.

முதலில் கார்கள். எங்கள் குழுவின் பேச்சு முழுக்க இரண்டே இரண்டு வண்டிகளைப் பற்றியது. இரண்டும் ஒரே ஜெர்மன் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார்கள். பெயர் வேண்டாம், வண்டிகள் மேல் குற்றம் எதுவும் இல்லை. ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது, அஸ்வினிடம் இருப்பது. மற்றது அடுத்த வருடம் வரப்போவது. அதற்கு மயிலாப்பூர் பல் மருத்துவர் ஸ்ரீகிருஷ்ணா பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். நாங்கள் பழையதை மாமனார் என்போம், வரப்போவதை மாப்பிள்ளை என்போம்.

மாமனாருக்குப் பின்பக்கம் பெட்ரோல் எஞ்சின். பிரேக்கை ஓட்டுகிறவர்தான் மிதிக்க வேண்டும். மிதித்தால் அந்த அழுத்தம் குழாய் வழியாக எண்ணெயில் பயணப்பட்டுச் சக்கரத்தைப் பிடிக்கும். அழகான ஏற்பாடு. மிதியில் வைத்த கால் வழியாகவே சாலையின் சொரசொரப்பு தெரியும். மாப்பிள்ளையிலும் மிதி உண்டு, ஆனால் அதற்காக வண்டி காத்திருப்பதில்லை. முகப்பில் கேமரா, ரேடார். குறுக்கே ஆள் வந்தால் நீங்கள் பார்ப்பதற்குள் அது பார்த்து, தானே பிடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பெசன்ட் அவென்யூவில் மதில் ஓரமாக நிற்கும் அன்புக்கரசியின் தள்ளுவண்டிக்கு எதிரே எல்லோரும் கூடுவோம். சண்டை அங்கேதான்.

"அதுவே பிரேக் பிடிச்சுண்டுடும். நான் பாட்டுக்கு உக்காந்துண்டு வரலாம்," என்பார் ஸ்ரீகிருஷ்ணா.

"பிரேக்க நான் பிடிக்கணும்ணே. வண்டியே பிடிச்சா அதுக்குப் பேரு காரா? லிஃப்ட்டு," என்பான் அஸ்வின்.

"லிஃப்ட்டுல யாரும் முட்டிக்கிறதில்லையே, அம்பி."

"முட்டுறது வண்டி இல்லண்ணே, ஓட்டுறவன். எங்கால் உங்க ரேடார விட வேகம். வேணும்னா ஸ்கேல் சார அளக்கச் சொல்லுங்க."

ஸ்கேல் சார் என்பது நான். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். என்னைப் போல ஸ்கூட்டரில் வருகிற ஒருவனை அத்தனை பெரிய வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். சரியான எண் என்னிடம் இருக்கும் என்று நம்பினார்கள்.

அளந்தேன். கடற்கரைச் சாலையில் தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில். அஸ்வின் வண்டியில் ஒரு சிறிய பதிவுக் கருவி பொருத்தினேன். வேகத்தையும், பிரேக் மிதியை எந்த நொடியில் தொட்டான் என்பதையும் அது குறித்துக்கொண்டு, என் போனுக்கும் அனுப்பும். இப்போது உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் பையில் இருப்பது அதுதான். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபதில் வரும் வண்டி ஒரு நொடியில் பதினேழு மீட்டர் கடக்கும். ஆபத்தைக் கண்ட மனிதர் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகும் என்கிறது புத்தகம். அதற்குள் வண்டி இருபத்தைந்து மீட்டர் ஓடிவிடும். பிறகு டயர் பிடித்து நிற்க இன்னொரு பதின்மூன்று. ஆக முப்பத்தெட்டு. அஸ்வின் இருபத்துமூன்றில் நின்றான். திரும்பத் திரும்ப அளந்தேன். இருபத்துமூன்று, இருபத்துமூன்றரை.

காரணம் வண்டியில் இல்லை. நான் கொடி காட்டப்போகிறேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் கால் பிரேக் பக்கம் போய்க் காத்திருந்தது. காத்திருக்கும் காலை அளந்தால் வருவது பொய். மாப்பிள்ளையின் ரேடார் எதற்கும் காத்திருப்பதில்லை. ஒரு பொய்யையும் ஒரு உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

திடீரென்று பந்து உருட்டிப் பார்த்தேன். அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டி இழுத்தேன். ஒருமுறை தலையணைக்குப் புடவை சுற்றிச் சக்கரப் பலகையில் தள்ளினேன். அஸ்வின் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். "சார், உங்க பொம்மைக்கு நடக்கத் தெரியல. நூறு மீட்டர்லயே கண்டுபிடிச்சிட்டேன்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். ஆனால் சரியான குறை அதுதான். நடக்கத் தெரிந்த ஒன்று வேண்டும். அதுவும் காலி மனையில் இல்லாமல், அவன் எதையும் எதிர்பார்க்காத இடத்தில்.

அன்புக்கரசியைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது என்று நினைக்கிறேன். அடையாற்றங்கரையில் இருந்தவர். குடிசையை எடுத்துவிட்டு அரசு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த பிறகும், முதல் பஸ் பிடித்து இங்கேதான் வந்து கடை போட்டார். வாய் கொஞ்சம் அதிகம். "இன்னா சார், மாப்ள இன்னும் வர்லியா? வராத மாப்ளைக்கு வாரா வாரம் தாம்பூலம் மாத்திக்கினு கீறீங்க," என்பார். டீயில் சர்க்கரை குறைவாகப் போடுவார். அப்போதுதான் டீத்தூளின் தரம் தெரியும் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது.

கடை மதில் பக்கம், எங்கள் வண்டிகள் எதிர்ப்பக்கம். இரண்டு கையிலும் மும்மூன்று கண்ணாடி டம்ளர்களைக் கவ்வி, சாலையைத் தாண்டிக் கொண்டுவருவார். டீ தளும்பும். அதைப் பார்ப்பதா, வண்டி வருகிறதா என்று பார்ப்பதா என்று அவர் திணறுவதைக் கண்டு, ஒரு ஞாயிறு நான் எதிர்ப்பக்க மரத்தடியில் நின்று சாலையைப் பார்த்தேன். காலியானதும் கையை உயர்த்தினேன். வந்தார்.

"டிராபிக் போலீசு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிறியா சார்?" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவரே சொன்னார்: "நீ கை காட்டு சார். நான் டம்ளரப் பாத்துக்கறேன்."

அது ஒரு உதவிதான், சார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஸ்ரீகிருஷ்ணாகூட, "உமக்கு நல்ல மனசு ஓய்," என்றார்.

ஆனால் கவனிப்பது என் தொழில். முதல் ஞாயிறு என் கையைப் பார்த்த பிறகும் அவர் வலது, இடது இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு வலது மட்டும். ஐந்தாவதில் ஓரக்கண்ணால் ஒரு பார்வை. ஆறாவது ஞாயிறு என் கையையும் டம்ளரையும் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை. இதெல்லாம் தேதியோடு என் நோட்டில் இருக்கிறது. பச்சை அட்டை, பட்டறையில் மேல் அலமாரி.

மதில் ஓரத்து விளக்குக் கம்பங்களுக்கு இடையே டேப் பிடித்து அளந்தேன். எவ்வளவு தூரத்தில் என்பதுதான் முக்கியமான கேள்வி. நாற்பது மீட்டர் வைத்தால் மாமனார், மாப்பிள்ளை இரண்டும் நின்றுவிடும். பதினைந்து வைத்தால் இரண்டும் நிற்காது. எந்தத் தூரத்தில் வித்தியாசம் தெரியுமோ அதுதான் சோதனைக்குரிய தூரம். முப்பது. புத்தகக் கணக்குப்படி மாமனார் முப்பதில் நிற்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புத்தகத்தை அப்படியே நம்புகிறவன் எதற்காக அளக்க வேண்டும்? தன் கால் ரேடாரை விட வேகம் என்று அஸ்வினே சொல்லியிருந்தான். அவனுக்கு நியாயமான ஒரு வாய்ப்பைக் கொடுத்தேன்.

அடையாற்றுப் பாலம் தாண்டியதிலிருந்து அறுபதிலேயே சீராக வரும்படி, டயர் சூட்டைக் குறிக்க வேண்டும் என்று சொல்லி, அவனிடம் அந்த ஞாயிறுக்கு முந்தின நாளே கேட்டுக்கொண்டேன். "சரி சார்," என்றான். சொன்னபடி வந்தான். அவனை வேகமாக வந்தான் என்று எழுதுவது எவ்வளவு அநியாயம் என்று இப்போது புரிகிறதா? பணக்கார வீட்டுப் பையன், குடித்திருந்தான் என்று போனில் ஊரே எழுதுகிறது. தி. நகரில் அப்பாவின் ஜவுளிக்கடைக்குப் போய்ச் சேலை பிரித்துப் போடுகிற பையன் அவன். குடிப்பதில்லை.

ஸ்ரீகிருஷ்ணா போனில் மாப்பிள்ளையின் புதுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் மறைத்ததால் கேமராவில் நான் இல்லை. அது நான் திட்டமிட்டதல்ல. அங்கே கேமரா இருப்பதே எனக்குத் தெரியாது.

பதிவுக் கருவியைத் திறந்து, உங்கள் கேமராப் பதிவோடு சேர்த்து வைத்தால் நீங்களே பார்க்கலாம். அவர் சாலையில் கால் வைத்தபோது வேகம் ஐம்பத்தொன்பது, தூரம் முப்பது மீட்டர். அஸ்வின் கால் மிதியைத் தொட எடுத்துக்கொண்ட நேரம் ஒன்று புள்ளி நான்கு நொடி. புத்தகத்தை விடக் கொஞ்சம் வேகம். பெருமைப்படத்தக்க எண். வண்டி நின்றது முப்பத்தைந்தரை மீட்டரில். கூடுதலாகப் போன அந்த ஐந்தரை மீட்டர்தான் உங்கள் வழக்கு. ஆறு டம்ளரில் ஒன்று மட்டும் உடையவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அஸ்வின் சாலையில் உட்கார்ந்து, "நான் பாத்தேன் சார், பாத்துட்டேன், கால் வரல," என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். தோளைத் தொட்டு, உன் கால் சரியாகத்தான் வந்தது என்று சொன்னேன். அவனுக்கு அது விளங்கவில்லை.

மாமனாருக்குப் பதிலாக மாப்பிள்ளை வந்திருந்தால் இருபது மீட்டரில் நின்றிருக்கும். அன்புக்கரசியும் இன்றைக்குக் கடை போட்டிருப்பார். ஸ்ரீகிருஷ்ணா சொன்னது சரி என்று ஏறக்குறைய நிரூபணமாகிவிட்டது. ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும். ஒரு பக்க அளவு மட்டும்தான் கையில் இருக்கிறது. மாப்பிள்ளையையும் அதே தூரத்தில், அதே முறையில் அளந்தால்தான் ஒப்பீடு முடியும். வண்டி பிப்ரவரியில் வருகிறது.

அன்புக்கரசியின் மகள் நிஷா போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களிடம் சொன்னாளாமே. "எங்கம்மா பாக்காம ரோட்ல கால் வெக்காது சார். என்னையே இன்னும் கையப் புட்ச்சிக்கினுதான் தாண்ட வெக்கும்." அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதையும் உங்கள் குறிப்பில் சேர்க்க வேண்டும். இப்போது அவள்தான் கடை போடுகிறாள். போன ஞாயிறு போயிருந்தேன். இரண்டு கையிலும் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தவள், நான் கை காட்டியும் நின்று, வலமும் இடமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டினாள். முதல் வாரம் எல்லோரும் அப்படித்தான்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். முடியப்போகிறது, இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். காத்திருக்காத காலை அளக்க வேண்டுமென்றால், சாலையைப் பார்க்காத ஓர் ஆள் வேண்டும். பதினோரு வருடம் பார்த்துப் பழகிய ஒருவரைப் பார்க்காதவராக மாற்ற ஆறு ஞாயிறு போதும், ஒவ்வொரு முறையும் சாலை உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். கையைக் கண்டு அவர் காலடி எடுத்து வைக்க ஒன்றேகால் நொடி ஆகும், அதற்குள் வண்டி இருபது மீட்டர் வந்துவிடும். ஆகவே ஏழாவது ஞாயிறு, வண்டி ஐம்பதாவது மீட்டரில் இருக்கும்போது கையை உயர்த்த வேண்டும். உயர்த்தினேன்.