இரண்டு சுழி

என் கையெழுத்து நன்றாக இருக்கும் சார். முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் ஷிப்ட் நோட்டு எழுதியவன் இந்தச் சக்கரபாணி. நான் எழுதிய எண்ணைப் பார்த்து இது ஆறா எட்டா என்று ஒருத்தனும் கேட்டதில்லை. உங்கள் மேசையில் கிடக்கும் ஸ்டிக்கரில் இருப்பது என் கைதான். மறுக்க எனக்கு அவசியமில்லை.

ஊரடங்கில், மே இரண்டாம் தேதி, என் மகள் செவ்வந்தி பாஸ் வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து வந்தாள். அன்று மதியமே சுகாதாரத்துக்காரர்கள் வந்து, ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர்’ என்று எங்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். வீட்டு எண் 16. முடியும் நாளும் மே 16. இரண்டையும் நீலப் பேனாவில் கிறுக்கியிருந்தார்கள்.

என் நிலைமையைக் கேளுங்கள். மகன் வளவன் ஒன்பது வருடமாக அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட். பர்மனெண்ட் ஆக்கும் பட்டியலுக்கு 15ஆம் தேதி நேரில் போய்ச் சான்றிதழ் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டு ஆளைச் சுரங்க கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருடம் எனக்கு ரிட்டயர்மெண்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அவன் பெயர் விட்டுப்போனால் குடும்பமே நடுத்தெருவில்.

பக்கத்து 18இல் ரெஜினா. வேலையில் இருக்கும்போதே புருஷன் இறந்ததால் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். பர்மனெண்ட். தனி ஆள். பதினான்கு நாள் வீட்டில் உட்கார்ந்தால் சம்பளத்தோடு லீவு. அவளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? நீங்களே சொல்லுங்கள்.

நல்ல வெயில், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பசை காய்வதற்குள் உரித்தேன். வீட்டு எண்ணில் ஆறின் வாலை வளைத்துச் சேர்த்தால் எட்டு. ஒரு சுழி, அவ்வளவுதான். அவள் கதவில் ஒட்டினேன்.

செவ்வந்தியைத் தினமும் போனில் விசாரித்தார்கள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள். உண்மைதானே. அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

மறுநாள் ரெஜினா வேலியோரம் வந்தாள்.

“அண்ணே, நான் எங்கயும் போவலீங்களே. செவ்வந்திதானே மெட்ராஸ்லேர்ந்து வந்துச்சி? வூடு மாத்தி ஒட்டிட்டாங்களோ என்னமோ, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கண்ணே.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளும் போன் செய்து பார்த்தாள். ஸ்டிக்கர் ஒட்டின எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று வைத்துவிட்டார்களாம்.

பால்காரர் அவள் வீட்டைத் தாண்டிப் போனார். காய்கறி வண்டியும் அப்படியே. எங்கள் வீட்டிலிருந்துதான் தினமும் வேலிக்கு மேலே சோறு போனது. ஒரு வேளை தவறியதில்லை. “தெருவே ஒதுங்கிடுச்சி, நீங்கதாண்ணே மனுசன்” என்றாள். அவள் வாயால் சொன்னது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஆஸ்துமா. இழுக்கிற மருந்து தீரப்போகிறது, பதினாறோடு முடிகிறதே, நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தாள். பதினாறாம் தேதி காலையில் கதவைப் பார்த்துவிட்டு, தேதி பதினெட்டு என்று இருக்கிறதே என்றாள். தள்ளிப்போட்டிருப்பார்கள் என்றேன். மருந்தை நான் வாங்கி வரட்டுமா என்று கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

பதினேழாம் தேதி காலை ஜன்னலில் நின்று மூச்சு வாங்கினாள். எதிர்வீட்டு லியோ காரை எடுத்துக்கொண்டு வந்தான். கதவு வரை போனவன் தேதியைப் படித்துவிட்டுப் பின்வாங்கினான். போன் செய்தான். கவச உடைக்காரர்கள் வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே போய்விட்டாள். லியோவை நான் குற்றம் சொல்லமாட்டேன். எழுதியிருந்ததை நம்பினான்.

என்னையும் யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். பிள்ளை பெற்ற எவனும் செய்வதைத்தான் செய்தேன்.

நீங்கள் விரல் வைத்துக் காட்டுவது அந்தத் தேதியைத்தான், தெரிகிறது. ஆமாம், அதிலும் ஒரு சுழி போட்டேன். பதினைந்தாம் தேதி சாயங்காலம். வளவன் அன்று மதியமே கையெழுத்துப் போட்டுவிட்டு மைசூர்பாகோடு வந்திருந்தான். இனி யாராலும் நம்மை அசைக்க முடியாதுப்பா என்றான். ஆனால் மறுநாள் ரெஜினா வெளியே வந்தால் நேராகச் சுகாதார ஆபீசுக்குப் போய், அவர்கள் லிஸ்ட்டில் எந்த வீடு என்று பார்த்துவிடுவாள். முப்பத்தொரு வருடம் தலை நிமிர்ந்து நடந்த தெரு சார் அது. இன்னும் இரண்டு நாள் உள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் சுழி என் பையனுக்காக. இரண்டாவதும் பையனுக்காகத்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.