தீர்ப்புக்குப் பிறகு அரைமணி

வென்றவரை உட்கார வைத்தவரே, தோற்றவரை எழுந்து நடக்க வைத்தவரே, குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில் இருபத்தாறு ஆண்டுகள் எவருடைய முகத்துக்கும் அஞ்சாமல் ஆலோசகராக அமர்ந்திருந்தவரே, எங்கள் அரைமணி அக்காவே, வணக்கம்.

உங்களைத் தென்றல் என்றும் தேன் என்றும் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நீங்கள் தென்றலாக வீசியதை எங்களில் யாரும் பார்த்ததில்லை. தேநீர் ஆறியிருந்தால் கேன்டீன்காரரையும், கோப்பு மாறியிருந்தால் குமாஸ்தாவையும், வாய்தா கேட்டால் வக்கீலையும் ஒரே குரலில் விரட்டியவர் நீங்கள். அந்தக் குரலுக்கு நாங்கள் பயந்தோம். இந்தக் கட்டடத்துக்கு வந்துபோன எத்தனையோ பிள்ளைகள் அந்தக் குரலால்தான் தப்பித்தார்கள். இரண்டையும் சேர்த்தே இன்று பாராட்டுகிறோம்.

தீர்ப்பு வாசித்ததும் வராந்தாவில் நடப்பது நமக்குப் பழக்கம். ஒரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு பக்கம் சுவரைப் பார்த்து நிற்பார்கள். தாளில் 'முழுப் பொறுப்பு' என்று இருக்கும். வராந்தாவில் அது 'ஃபுல் கஸ்டடி' ஆகும். வீடு போய்ச் சேர்வதற்குள் 'குழந்தை எனக்கு, அவங்களுக்கு ஒண்ணுமில்ல' என்று முடிந்திருக்கும். அதனால்தான் நீங்கள் ஒரு விதி போட்டீர்கள். தீர்ப்பு வாங்கிய தாயும் தந்தையும் உங்கள் அறையில் தனித்தனியே அரைமணி உட்காராமல் படியிறங்கக் கூடாது. எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி. நீதிபதிகள் எத்தனையோ பேர் மாறினார்கள். அந்த விதியைப் பற்றிக் கேட்கும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை.

ஒரு வழக்கை மட்டும் இங்கே சொல்கிறோம். தையல் கடை நடத்தும் தாய், லிஃப்ட் மெக்கானிக் தந்தை, ஏழு வயது மகள். முழுப் பொறுப்பு தாய்க்கு. அவர் வெற்றிக் களையோடு உங்கள் எதிரே உட்கார்ந்தார்.

"தாள மடிச்சு வைங்க. என்ன தீர்ப்புன்னு உங்க வாயால சொல்லுங்க," என்றீர்கள்.

"குழந்தை எனக்கு."

"குழந்தையோட வேலை உங்களுக்கு. எந்த ஸ்கூலு, எந்த டாக்டரு, ஜுரம் வந்தா யாரு முழிச்சிருக்கிறது, எல்லாம் இனிமே உங்க தலையில. எதுக்கும் அவர்கிட்ட சம்மதம் கேக்க வேண்டாம். ஆனா சனிக்கிழமை புள்ள அப்பாவப் பாக்கணும்னு அதே தாள்ல இருக்கு. படிச்சீங்களா?"

"வக்கீல் அதச் சொல்லலையே."

"ஜெயிச்ச வரிய மட்டும்தான் அவரு சத்தமா படிப்பாரு."

இந்த அவையில் இருக்கும் வக்கீல்கள் இப்போது சிரிக்கலாம்.

தாய்க்குப் புரிந்தது. தந்தையைத் தேடினால் ஆளைக் காணோம். 'முழு' என்ற சொல் காதில் விழுந்ததும் பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டார். அவளுக்கு முழுசு என்றால் எனக்குச் சைபர் என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டார். உங்கள் அரைமணியிலிருந்து தப்பித்தவர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை வந்தது. தாய் சொன்ன நேரத்துக்கு மகளைக் கொண்டுவந்து விட்டார். உங்கள் அறைக்கு எதிரே உள்ள சந்திப்பு அறையில் ஒரு பாய், இரண்டு நாற்காலி, சக்கரம் போன ஒரு பொம்மை பஸ். அந்தப் பெண் ஷூவைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தந்தை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் உங்களிடம் கேட்டாள்: "அப்பாவுக்கு என் மேல கோவமா?"

தாய் வேறு கேட்டார்: "அவருக்கே வேணாம்னா நான் எதுக்கு மேடம் இவளக் கூட்டிட்டு அலையணும்?" நியாயமான கேள்வி.

நிர்வாக அதிகாரிக்கு வேறு கவலை. "வராத ஆளுக்கு ரூம் எதுக்கு? பீரோ போட்டுடலாம்."

"பீரோவுக்கு அப்பா கிடையாது சார். அது எங்க வேணா நிக்கும்," என்றீர்கள். அறை தப்பித்தது.

பிறகு நீங்கள் செய்தது உங்கள் வேலையில் சேராதது. அந்தத் தந்தை வேலை செய்யும் கட்டடத்தைக் கண்டுபிடித்துப் போனீர்கள். அங்கே லிஃப்ட் பழுது, அதனால்தான் அவரும் அங்கே. முழங்கால் வலியோடு மாடி மாடியாக ஏறினீர்கள். கூடப் போன நம் டிரைவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் மனிதர்தான், ஆனால் இதைக் கூட்டவே வேண்டியதில்லை என்கிறார்.

அவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று ஸ்பானர் போட்டுக்கொண்டிருந்தார். ஓடவும் வழியில்லை.

"மேடம், தள்ளி நில்லுங்க. குழி இருக்கு."

"குழிக்குள்ள நிக்கிறது நீங்க. சனிக்கிழமை ஏன் வரல?"

"தோத்தவனுக்கு அங்க என்ன மேடம் வேலை? ஃபுல்லா அவங்களுக்குன்னு ஜட்ஜே சொல்லிட்டாரு."

"முடிவெடுக்கிறது முழுசா அவங்க. அப்பா வேலைய உங்ககிட்டேர்ந்து யாரும் பிடுங்கல. ராஜினாமா ஏதாவது எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப லீவு சொல்லாம மட்டம் போட்டிருக்கீங்க. உங்க மேலதிகாரி ஷூ கூடக் கழட்டாம உக்காந்திருக்கா."

ஸ்பானர் சத்தம் நின்றது. "எத்தன மணிக்கு மேடம்?" என்றார்.

"பத்துக்கு. நீங்க ஒம்பதரைக்கு வாங்க. எங்கிட்ட அரைமணி உக்காராம உள்ள போக முடியாது."

வந்தார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. அந்தப் பெண் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அவரைப் பார்த்தாள், குனிந்தாள், ஷூவைக் கழற்றிப் பாய் ஓரத்தில் வைத்தாள். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, தேநீர் ஏன் இன்னும் வரவில்லை என்று எங்களைத் திட்டினீர்கள். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய நாள் எங்களுக்கு வேறு இல்லை.

மறு வருடம் தாய் பள்ளியை மாற்றினார். தந்தையிடம் கேட்கவில்லை, தகவல் மட்டும் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தது. உங்கள் அறையில் வந்து கத்தினார். பிறகு போய்ப் புதுப் பள்ளிக்குப் புத்தகப் பை வாங்கிவந்தார். தீர்ப்பு இருவருக்கும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று அன்று நாங்கள் அறிந்தோம். இன்றும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. மகள் வளர்ந்து பட்டம் வாங்கிய விழாவுக்கு இருவரும் போனார்கள், வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள், ஒரே பெயருக்குக் கைதட்டினார்கள். நம் கட்டடத்து லிஃப்ட் இவ்வளவு காலம் நிற்காமல் ஓடுவதற்கு யார் காரணம் என்பதையும் எல்லோரும் அறிவீர்கள்.

வென்று முடித்தவரே, இப்போது உங்கள் முறை. பணி ஓய்வு ஆணை கையில் இருக்கிறது. உங்கள் விதி உங்களுக்கும் உண்டு. அரைமணி உட்காராமல் படியிறங்கக் கூடாது. பின்படியில் டிரைவரை நிறுத்தியிருக்கிறோம். தாளை மடித்து வையுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

'இனிமே எனக்கு இங்க ஒண்ணுமில்ல' என்று மட்டும் சொன்னால், அரைமணி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முடிவெடுக்கும் பொறுப்பு நாளை முதல் முழுசாகப் புதிய ஆலோசகருக்கு. நாற்காலியை எங்கே போடுவது, யாரைத் திட்டுவது எல்லாம் இனி அவர் தலையில். அதில் நீங்கள் தலையிடக் கூடாது. ஆனால் சனிக்கிழமை வந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முழங்கால் வலி தீர்ந்து, உடல் நலத்தோடும் அதே குரலோடும் நெடுங்காலம் வாழுங்கள். பத்து மணிக்குச் சந்திப்பு அறை திறந்திருக்கும். மட்டம் போடாமல் வாருங்கள்.

உங்களிடம் திட்டு வாங்கி உருப்பட்ட,
குடும்ப நீதிமன்றப் பணியாளர்கள் அனைவரும்