வருகையின் நோக்கம்

இல்ல சார், பாஸ்போர்ட் சரியாத்தான் இருந்துச்சு. விசாவும் சரி, முப்பது நாளுக்கு இருக்கு. திரும்பிப் போற டிக்கெட்டும் கையில வச்சிருக்கார். குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல.

ஆமா, ரெண்டாம் நம்பர் ரூம்ல ரெண்டு மணி நேரமா உக்கார வச்சிருக்கேன். புகார் குடுத்தது அவரா? ஓ, வரிசையில பின்னாடி நின்னவங்களா. அதானே பாத்தேன். அவர் குடுக்கமாட்டார். டீ வாங்கிக் குடுத்தேன், ரொம்ப தேங்க்ஸ்மான்னு குடிச்சிட்டு அப்படியே உக்காந்திருக்கார்.

காரணம்தானே, சொல்றேன். படிவத்துல வருகையின் நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல அம்மாவைப் பார்க்கன்னு எழுதியிருந்தார். எங்க தங்குவீங்கன்னேன். அம்மா வீட்லன்னார். விலாசத்தைப் பாத்தா, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற தெரு. எனக்கு நல்லாத் தெரிஞ்ச தெருதான். அந்த வீட்டை இடிச்சு வண்டி நிறுத்துற இடமாக்கி ஏழு வருசமாச்சு.

அம்மாகிட்ட கடைசியா எப்பப் பேசினீங்கன்னேன். இருபத்தாறு வருசம் ஆச்சுங்கறார். அப்பாகூட முட்டிக்கிட்டு, நீ இருக்கிறவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்னு போன ஆளு. போன மாசம் நம்மூர்க்காரர் ஒருத்தரை அங்க எங்கயோ பாத்திருக்கார். அப்பா போயிட்டார்னு அவர் சொல்லியிருக்கார். உடனே டிக்கெட் போட்டுட்டார். அந்த மனுசனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் போல.

பையைத் திறக்கச் சொன்னேன். ரெண்டு ஸ்வெட்டர், முட்டிவலித் தைலம் நாலு, காது கேக்குற மெஷின் ஒண்ணு. யாருக்குன்னேன். அம்மாவுக்கு இப்ப எழுபத்திரண்டு, காது மந்தமாயிருக்கும்லன்னு கணக்குப் போட்டுச் சொல்றார். அதுக்கு வரி கிடையாதுன்னு சொல்லி வச்சேன்.

கூடப் பொறந்தவங்க உண்டான்னேன். ஒரு தங்கச்சி, சின்னப் பொண்ணுன்னார். வயசு என்னன்னா, எட்டுன்னு வாயெடுத்துட்டு, விரல் விட்டு எண்ணி முப்பத்திநாலுன்னு திருத்தினார். என் முகத்தை ஏறெடுத்தும் பாக்கல சார். முத்திரை குத்துற கையையேதான் பாத்துக்கிட்டிருந்தார். எல்லாரும் அப்படித்தான்.

அப்புறம் எனக்குக் கேள்வி தீந்துபோச்சு. முதல்லேருந்து மறுபடியும் கேட்டேன். மூணு தடவை. மூணு தடவையும் அச்சுப் பிசகாம அதே பதில். பொய்க்காரனா இருந்தா எங்கயாவது உளறியிருப்பான், நானும் ஒரு காரணம் எழுதியிருப்பேன். விட்டா என்ன ஆகும்? டாக்ஸி பிடிச்சு நேரா அந்தப் பொட்டல்ல போய் நிப்பார்.

விதிமீறல்னே எழுதிக்குங்க சார். ஆனா இந்த விதி இல்ல. சொந்தக்காரங்க காகிதத்தை நாம தொடக்கூடாது, வேற அதிகாரிகிட்ட ஒப்படைக்கணும்னு இருக்கே, அது. பாஸ்போர்ட்ல அப்பா பேரைப் பாத்ததுமே நான் எழுந்திருச்சு உங்ககிட்ட வந்திருக்கணும். தப்புதான்.

போன வருசம் பதினஞ்சு நாள் லீவு போட்டேனே. நீங்ககூட வந்து, எடுக்கிற வரைக்கும் நின்னுட்டுத்தான் போனீங்க. அந்த அம்மாதான் சார்.

இந்தாங்க அவர் காகிதம். நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வாய் வரல. அப்புறம், என் டூட்டி நாலு மணிக்குத்தான் முடியுது. ஒரு மணி நேரம் முன்னாடி விட்டீங்கன்னா நானே கூட்டிட்டுப் போயிடுவேன். நாங்க வீடு மாறினது அண்ணனுக்குத் தெரியாதுல்ல.