பெண் விசாரிக்க வந்தவரின் செல்போன்

காட்டுப்பாக்கம் கிணற்றுத் தெருவில் குடியிருக்கும் ஹாஜா மொய்தீன் என்பவரின் மனைவி ரைஹானா, வயது 47, ஆகிய நான், காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் பூபாலன் அவர்கள் விசாரிக்க, தலைமைக் காவலர் பத்மா அவர்கள் எழுத, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் எங்கள் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கணவருடன் வசித்து வருகிறேன். என் கணவர் பூந்தமல்லியில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். மாடியை வாடகைக்கு விட்டு, அந்த வரும்படியில்தான் வீட்டுக் கடனைக் கட்டி வருகிறோம். மாடியில் நான்கு வருடமாக அதீபா என்பவர் தன் இரண்டு பிள்ளைகளுடனும் கல்யாணமாகாத தங்கையுடனும் இருக்கிறார். அவர்கள் கடலுக்கு நடுவில் உள்ள ஒரு தீவு நாட்டுக்காரர்கள். நாட்டின் பெயர் பாஸ்போர்ட் நகலில் உள்ளது. வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் அவர்கள் வந்த அன்றே என் கணவர் முறைப்படி பதிவு செய்துவிட்டார். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

அவர்கள் வந்த புதிதில் எனக்கு ஒரே ஆச்சரியம். வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறிப் போய், ஒரு ராத்திரிக்கு லட்சத்தைக் கொட்டித் தங்குகிற ஊரை விட்டுவிட்டு, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற காட்டுப்பாக்கத்துக்கு ஒருத்தி ஏன் வர வேண்டும்? எனக்குக் கேட்காவிட்டால் தூக்கம் வராது. "ஏம்மா, அவ்ளோ கடலு கீது, மணலு கீது, ஓரமா ஒரு ஊடு கட்டிக்க எடமில்லியா?" என்று கேட்டேன். அதற்கு அவர், மணல் உள்ள தீவுகள் ஓட்டல்களுக்குப் போய்விட்டன என்றும், தன் கணவர் அப்படி ஒரு ஓட்டலில் சமையல்காரர் என்றும், அங்கே வேலையாட்கள் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது என்றும், தலைநகரில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகையில் இங்கே ஒரு மாடி முழுவதும் எடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவும் வைக்க முடிகிறது என்றும் சொன்னார். அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்களாம். மாமியார் துணி மாற்ற வேண்டுமென்றால் மற்ற ஐந்து பேரும் படிக்கட்டில் போய் நிற்பார்களாம். இதை நான் அவரை எத்தனையோ முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் நாட்டு அரசாங்கம் கட்டும் அடுக்குமாடியில் ஒரு வீடு கேட்டு அதீபா மனு போட்டிருந்தார். மனு போட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறது. மாதம் பிறந்தால் மொட்டை மாடிக்குப் போய் அந்த ஆபீசுக்குப் போன் செய்வார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். இன்னாவாம் என்று கேட்டால், "பாத்துகினு கீறாங்களாம்க்கா" என்பார். அந்தத் தமிழ் நான் கற்றுக் கொடுத்தது. வீடு வந்தால் கிளம்பிவிடப் போகிறோமே என்று அவர் ஒரு கட்டில்கூட வாங்கவில்லை. என் பழைய பீரோவைச் சும்மா கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டார். துணிமணியெல்லாம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. போன மாதம் வீடு கிடைத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அன்று ஓடி வந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் உடம்புக்கு அது சாமானியக் காரியம் இல்லை.

அவருடைய தங்கைக்கு மட்டும் இங்கேயே வாழ்க்கைப்பட ஆசை. அதற்காக நான் தெரிந்த இடங்களில் சொல்லி வைத்திருந்தேன். இந்நிலையில் சென்ற வெள்ளிக்கிழமை பகல், செல்வகுமார் என்று பிறகு தெரிந்துகொண்ட நபர் சட்டையை இன் பண்ணிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, மாடியில் இருப்பவர்களைப் பற்றி விசாரிக்க வேண்டும், அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். பெண் விசாரிக்க வருகிறவர்கள்தான் எங்கள் தெருவில் இப்படிப் பேசுவார்கள். மாப்பிள்ளையின் கூட்டாளி போலிருக்கிறது என்று நினைத்து, உட்கார வைத்து டீயும் சமோசாவும் கொடுத்தேன். போனில் பதிவு செய்யலாமா என்றார். மாப்பிள்ளையின் அம்மா பார்ப்பார் என்று முக்காட்டைச் சரி செய்துகொண்டேன்.

அதன் பிறகு அவர், இவர்கள் ஊருக்குத் திரும்பிப் போவார்களா என்று கேட்டார். பெண்ணின் பிறந்த வீடு கடல் தாண்டிப் போய்விடும் என்றால் யார் கட்டுவார்கள்? அக்கம்பக்கத்தில் கேட்டால் நாலு வார்த்தை கூட்டிச் சொல்வதுதான் எங்களில் மரியாதை. ஆகவே நான், "போற எண்ணமே இல்ல தம்பி, இனிமே இதான் அவங்க ஊரு, போரூராண்ட மனை பாத்துகினு கீறாங்க" என்று சொன்னேன். மனை பார்ப்பதாகச் சொன்னது முழுப் பொய். அவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை அவர் மறுபடி வந்து, நான் சொன்னதை டைப் செய்து கொண்டுவந்திருப்பதாகவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். அப்போது வாசலில் தண்ணி லாரி வந்து, தரைக்கடியில் உள்ள எங்கள் சம்ப்புத் தொட்டி நிரம்பி, மூடி திறந்திருந்தது. கையெழுத்துக்கு முன் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டேன். "எந்தப் பையன்மா?" என்றார். பிறகுதான், வெளிநாட்டில் நிலையாகக் குடியேறியவர்களுக்கு அந்த அடுக்குமாடியில் வீடு கிடையாது என்றும், அதைச் சரிபார்க்கும் ஏஜென்சியிலிருந்து தான் வந்திருப்பதாகவும் விளக்கினார். அந்த வீடியோவை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அழித்தால் தன் வேலை போய்விடும் என்றார். ஒன்பது வருடமாக ஒரு போனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாதவர்கள், கொடுத்ததைப் பிடுங்குவதற்கு மட்டும் கடல் தாண்டி ஆள் அனுப்புகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சம்ப்புக்குள் வீசினேன்.

சத்தம் கேட்டு அதீபா இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கி, முங்கி, அந்தப் போனைத் தேடி எடுத்து, ஈரத் துணியோடு நின்று அந்த ஆளிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகே அந்த நபர், வீடியோ வெள்ளிக்கிழமையே ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொன்னார். போன் கெட்டுப்போனதற்காக அவர் கொடுத்த புகாரின் பேரில்தான் இங்கே வந்திருக்கிறேன்.

போன் கை தவறி விழுந்தது என்று எழுதிக்கொள்ளலாமா என்று உதவி ஆய்வாளர் ஐயா கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம், நான்தான் வீசினேன், புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். இதில் ஒரு பொய் இருந்தால் மற்றதை யார் நம்புவார்கள்? அந்த வீடியோவை வைத்து வீட்டை ரத்து செய்யக் கூடாது என்று அதீபா போடும் மேல்முறையீட்டோடு இதன் நகலையும் வைத்து அனுப்பப் போகிறார். அதற்காகத்தான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அதீபா என் வீட்டில் நிலையாகக் குடியிருக்கிறாரா என்று ஐயா கேட்டார். இல்லை. இந்த மாதம் அவர் கொடுத்த வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனியும் வாங்கப் போவதில்லை. கடனுக்கு என்ன செய்வாய் என்று என் கணவர் கத்தினார், கத்தட்டும். வாடகை கொடுக்காதவர் குடித்தனக்காரர் இல்லை, என் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் தங்குவார் என்று ஐயா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அவங்க கவர்மெண்டு பதில் சொல்ற வரைக்கும் சார்" என்றேன்.

மேலே உள்ளதைப் பத்மா அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இதில் உள்ளது, கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) ஹா. ரைஹானா