பத்துக்கு எட்டு

ஆமாக்கா, கோவமாத்தான் இருக்கேன். காலுகிட்ட தூக்குச்சட்டி இருக்கு, பஸ்ஸு வேற குலுங்குது, பாத்து ஒக்காருங்க. யாரு மேலயா? எம் புருசன் மேலதான். மன்சூர் அலி! இந்தா, பேரையே சொல்லிட்டேன், போகட்டும்.

சண்ட எதுக்குன்னு சொன்னா சிரிப்பீக. ஏரோப்பிளேன் சண்ட கேமு. ஆமா, கம்ப்யூட்டர்ல வெளையாடுறதுதான். சிரிங்க, சிரிங்க, எங்க மாமியும் இப்படித்தான் சிரிச்சாக. கல்யாணமாகி நாப்பதாம் நாளு அவுக அபுதாபிக்குப் போயிட்டாக. அங்க வாட்சப்புல கூப்புட்டுப் பேச முடியாதாம். கேமுக்குள்ளன்னா பேசிக்கிறலாமாம். அதுக்காவ ஒரு பழைய லேப்டாப்ப வாங்கிக் குடுத்து, நர்கிஸு, நீ பிளேனு ஓட்டப் படின்னாக. பஸ்ஸத் தவிர எதுலயும் ஏறாதவ நானு, படிச்சேங்க்கா! வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சா அவுக ஒரு பிளேனு, நான் ஒரு பிளேனு. ரெண்டு வருசம் குடும்பம் நடத்துனதே அதுக்குள்ளதான்.

அதுல எங்களுக்கு ஓயாத வம்பு ஒண்ணு. கன்னு ஒசத்தியா, மிசைலு ஒசத்தியா? மிசைலுன்னா எதிராளி இஞ்சின் சூட்டப் புடிச்சுத் தானாத் தொரத்தும். கன்னுன்னா துப்பாக்கி, நாமதான் குறி பாத்துச் சுடணும். நெட்டு லைனு கொஞ்சம் லேட்டானாலும் போச்சு, குண்டு போறதுக்குள்ள அவன் அந்தப் பக்கம் போயிருவான். இவுக கன்னுதாம்னு ஒத்தக் கால்ல நின்னாக. சரி, சோதிச்சுப் பாத்துருவோம்னு ஆளுக்குப் பத்துத் தடவ சுட்டோம். நான் நோட்டுல எழுதி வச்சேன். எம் மிசைலு பத்துக்கு ஏழு விழுந்துச்சு, அவுக கன்னு ரெண்டு.

போன மாசம் திடீர்னு அதே கன்னு பத்துக்கு எட்டு! அடுத்த வாரமும் எட்டு! பாத்தியாடி, பாத்தியாடின்னு என்னா குதி குதிச்சாக! எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அதே கன்னு, அதே கை, அப்பறம் எப்படி விழும்?

அப்பத்தான்க்கா அந்த நம்பரப் பாத்தேன். வெளையாடுறவுக பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பரு ஓடும், லைனு எம்புட்டு லேட்டா வருதுன்னு. எனக்கு எப்பவும் நாப்பது. அவுகளுக்கு நூத்தி அறுவதுக்குக் கொறஞ்சதேயில்ல. அன்னைக்கு அவுகளுக்கும் நாப்பது! என்ன மச்சான் இதுன்னேன். புது லைனாம்! நான் என்ன கூமுட்டையா? எந்த லைனப் போட்டாலும் கடலத் தாண்டித்தான வரணும்?

நாப்பதுன்னா ஆளு நம்ம நாட்டுக்கே வந்துட்டாகன்னுதான அர்த்தம்! வேல போயிருக்கும், போச்சுன்னா போச்சுன்னு சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்? இந்தப் பக்கம் வந்து ஒக்காந்துக்கிட்டு, அபுதாபியில வெயிலு தாங்கலன்னு எங்கிட்டயே அளந்து விடுறாகக்கா! ரெண்டு வருசமா எங்கூடப் பறந்த மனுசனுக்கு எங்கிட்ட வந்து எறங்க வெக்கமா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

எங்க இருக்காகன்னா கேக்குறீக? இருங்க, இந்தா கண்டக்டர் கத்துறாரு பாருங்க, பந்தல்குடில்லாம் எறங்குன்னு. இதே சத்தந்தான்க்கா போன வெள்ளிக்கிழம அவுக மைக்குல கேட்டுச்சு. என்ன சத்தம்னேன், டிவின்னாக. அதோட லைனு கட்டு, போனும் சுவிச்சாப்பு.

கொஞ்சம் வழி விடுங்க, நான் எறங்குறேன். அந்தத் தூக்குச்சட்டிய எடுத்துக் குடுங்கக்கா. கறியாணந்தான், கறிக் கொழம்பு. எத்தன நாளாக் கடச் சோறு திங்கிறாகளோ.